ஓடினால் போதாதா?

நம் நாட்டில் வழங்கும் கேள்விகளில் மிகவும் சாதுவாகத் தோன்றும் கேள்வி ஒன்று உண்டு. "ஓடினால் போதாதா?" என்பதுதான் அது. தையல் இயந்திரத்தைப் பற்றிப் பேசினாலும் சரி, தம்பதிகளின் மனஸ்தாபத்தைப் பற்றிப் பேசினாலும் சரி, கடைசியில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார். அதோடு விவகாரம் முடிந்துபோகிறது. "ஏன் கெட்டது?" என்று அதற்குப் பிறகும் கேட்கிறவன் வேலை வெட்டி இல்லாதவன் என்று பெயர் வாங்குகிறான்.

அந்தப் பெயரை வாங்கிக்கொண்டாவது இந்தக் கேள்வியைச் சற்று உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக எண்ணம். ஒரு பொருள் கெட்டுப்போகிறது, எப்படியோ சரியாகிவிடுகிறது, அப்புறமும் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டிய கடமை நமக்கு உண்டா? உண்டென்றால், அது யாருக்குச் செய்யும் கடமை? இதை விசாரிக்கப் பெரிய உதாரணம் எதையும் நான் தேடப்போவதில்லை. பெரிய உதாரணங்களைக் கொண்டு வாசகரை ஏமாற்றுவது சுலபம். எழுதுகிறவன் தன்னையே ஏமாற்றிக்கொள்வது அதைவிடச் சுலபம். ஆகையால் பழைய மோட்டார் வண்டியின் ரேடியேட்டர் விசிறியை எடுத்துக்கொள்கிறேன். வண்டி இல்லாத வாசகர்கள் கவலைப்பட வேண்டாம். அடுப்பும் பிரஷர் குக்கரும் உள்ள எந்த வீட்டாருக்கும் விளங்கக்கூடிய சங்கதிதான் இது.

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிந்து உண்டாகும் சூடு முழுவதும் வண்டியை ஓட்டப் பயன்படுவதில்லை. ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இறங்குகிறது. அந்தத் தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் புகுந்து, காற்றுப்பட்டு ஆறி, மறுபடியும் எஞ்சினுக்குத் திரும்ப வேண்டும். காற்றுக்கு இரண்டு வழி உண்டு. வண்டி வேகமாக ஓடினால் எதிர்காற்று தானே வந்து மோதும். வண்டி நின்றாலோ ஊர்ந்தாலோ விசிறி சுழன்று காற்றை இழுத்துத் தர வேண்டும்.

அம்பாசிடரும் பழைய ஃபியட்டும் நம் சாலைகளை ஆண்ட காலத்தில் இந்த விசிறியை ஒரு பெல்ட் சுழற்றிக்கொண்டிருந்தது. எஞ்சின் சுழன்றால் விசிறியும் சுழலும். தண்ணீர் சுட்டிருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா என்ற விசாரணையெல்லாம் அதற்குக் கிடையாது. 1983-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மாருதி 800 வந்தது. 796 சி.சி. கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் உள்ள சிறிய எஞ்சின். முன் சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டி. ஆகையால் எஞ்சினைக் குறுக்கே வைத்தார்கள். எஞ்சின் தண்டின் முனை ரேடியேட்டரைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. பழையபடி பெல்ட் மாட்டி விசிறியைச் சுழற்ற வசதி இல்லை. விசிறிக்கென்று தனியாக ஒரு மின்சார மோட்டாரை வைத்தார்கள். தண்ணீர் ஓர் அளவுக்கு மேல், சுமார் 90 டிகிரிக்கு மேல், சூடானால் மின்சாரத்தைத் திறந்துவிடவும், ஆறினால் நிறுத்தவும் ஒரு சிறு சுவிட்சை வைத்தார்கள். பின்னால் வந்த வண்டிகளில் அந்தச் சுவிட்சின் உத்தியோகத்தைக் கணினிப் பெட்டி ஒன்று ஏற்றுக்கொண்டது. மாருதி 800 தயாராவது 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆனால் அதன் தலைமுறையைச் சேர்ந்த சிறிய வண்டிகள் பல, மூன்றாவது நான்காவது சொந்தக்காரர்களின் கையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்தக் கட்டுரை அந்த முதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வியாதியைப் பற்றியது.

பெல்ட் விசிறிக்கும் மின்சார விசிறிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பெல்ட் விசிறி ஓயாமல் உழைக்கிற ஆள். எஞ்சின் ஓடும்போது அது நின்றால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். மின்சார விசிறியோ தேவைப்பட்டபோது மட்டும் எழுந்து வருகிற ஆள். அது சும்மா நிற்பதைக் கண்டு கெட்டுப்போயிற்று என்றும் சொல்ல முடியாது. நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது செத்துக் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. எதிர்காற்று அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். சென்னையில் மாலை ஆறு மணிக்கு நூறு வண்டிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு நிற்கும்போது தெரியும். வத்தலக்குண்டைத் தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது தெரியும். எஞ்சினுக்கு உழைப்பு அதிகம், வண்டிக்கு வேகம் குறைவு, காற்று இல்லை. சூடு காட்டும் முள் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. சமதரை வந்து கொஞ்சம் வேகம் பிடித்தால் இறங்கிவிடுகிறது. இறங்கிவிட்டது என்ற ஆறுதலில் பல பேர் விஷயத்தை அப்போதே மறந்தும் விடுகிறார்கள்.

மறக்க முடியாத நாள் ஒன்று வருகிறது. முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. சொந்தக்காரர் வண்டியை ஓரங்கட்டிப் பானெட்டைத் திறக்கிறார். விசிறி அசையாமல் நிற்கிறது. "விசிறி போய்விட்டது!" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். சாட்சி இல்லை; குறுக்கு விசாரணை இல்லை. கண்ணுக்கு எதிரே யார் வேலை செய்யாமல் நிற்கிறாரோ அவரே குற்றவாளி.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். பிணத்துக்குப் பக்கத்தில் கத்தியோடு நிற்கிறவனையே கடைசி அத்தியாயத்தில் கொலையாளி என்று பிடித்துக் கொடுத்தால் எந்த வாசகரும் அந்தத் துப்பறியும் நாவலாசிரியனை மன்னிக்கமாட்டார். விசிறி ஒரு நீண்ட வரிசையின் கடைசி ஆள். அதற்கு மின்சாரம் பாட்டரியிலிருந்து புறப்பட்டு, பியூஸ் வழியாக வந்து, ரிலே இருக்கிற வண்டியில் ரிலேயைக் கடந்து, வயர்களில் நடந்து வர வேண்டும். வேலை முடிந்து எர்த் வயர் வழியாக அது உடம்புத் தகட்டில் போய்ச் சேர வேண்டும். இத்தனைக்கும் முன்னால், "எழுந்திரு, தண்ணீர் சுட்டுவிட்டது" என்று வெப்பச் சுவிட்சு சொல்ல வேண்டும். இவர்களில் எவர் கடமை தவறினாலும் விசிறி நிற்கும். நிற்பது மட்டும் கண்ணுக்குத் தெரியும். தவறியவர் யார் என்பது தெரியாது.

இதைவிட விசித்திரமான ஒரு நிலைமையும் உண்டு. எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் வழியில் தெர்மோஸ்டாட் என்று ஒரு கதவு இருக்கிறது. அதற்குள்ளே ஒரு வகை மெழுகு. 80 டிகிரியை ஒட்டிய ஒரு சூட்டில் மெழுகு இளகிப் பருத்துக் கதவைத் திறக்கும். வயதான வண்டியில் அந்தக் கதவு சில சமயம் மூடியபடியே இறுகிப்போகும். அப்போது எஞ்சின் கொதிக்கும். ரேடியேட்டரோ குளிர்ந்து கிடக்கும். வெப்பச் சுவிட்சை ரேடியேட்டரில் பொருத்திய வண்டியானால் அந்தச் சுவிட்சுக்குச் சூடே போய்ச் சேராது. அது விசிறியை எழுப்பாது. எழுப்பாததுதான் சரி! விசிறி பொய் சொல்லவில்லை. சுவிட்சும் பொய் சொல்லவில்லை. தங்களிடம் வந்த தண்ணீர் குளிர்ந்திருக்கிறது என்ற உண்மையைத்தான் இரண்டும் சொல்லுகின்றன. இப்படிப்பட்ட நேரத்தில் விசிறி மோட்டாரை மாற்றினால் பணம் போகும், கொதிப்பு போகாது.

நல்ல மெக்கானிக் எப்படி விசாரிக்கிறார் என்பதைக் கூடவே நின்று பார்ப்பது ஒரு கல்வி. அவர் முதலில் ஒன்றும் செய்வதில்லை. வண்டி ஆறட்டும் என்று காத்திருக்கிறார். ரேடியேட்டர் மூடி குக்கர் மூடியைப் போன்றது. அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சுடச்சுட மூடியைத் திருகினால் அழுத்தம் போய், அத்தனை தண்ணீரும் ஒரே நொடியில் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். பட்டறைகளில் வேலை பழகும் பையன்கள் சிலருடைய முழங்கையில் உள்ள தழும்புக்குப் பின்னால் அவசரக்கார முதலாளி ஒருவர் இருப்பார்.

ஆறின பிறகு தண்ணீரைப் பார்க்கிறார். தண்ணீர் குறைந்திருந்தால் சுவிட்சின் மூக்கு தண்ணீரில் முழுகாமல் வெறும் ஆவியில் நிற்கும். சூட்டைச் சரியாக அறியாது. அப்படியானால் தேட வேண்டியது ஒழுகுகிற இடத்தைத்தான். தண்ணீர் சரியாக இருந்தால் பியூஸைப் பார்க்கிறார். அதுவும் சரி. பிறகு விசிறியின் இணைப்பைக் கழற்றிப் பாட்டரியிலிருந்து நேரே இரண்டு வயர்களைத் தொடுகிறார். விசிறி விர்ரென்று சுழன்றால் அது விடுதலை. சுழலாவிட்டால் அப்புறம்தான் அதன் மேல் வழக்கு: உள்ளே கார்பன் தேய்ந்திருக்கலாம், அல்லது தண்டு இறுகியிருக்கலாம். விசிறி விடுதலையான பிறகு சுவிட்சுக்கு வரும் இரண்டு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்க்கிறார். விசிறி சுழன்றால் பாதையெல்லாம் நன்றாக இருக்கிறது. சொல்ல வேண்டியவர்தான் சொல்லவில்லை என்று ஏற்படுகிறது. அப்போதும் அவர் சுவிட்சை உடனே தூக்கில் போடுவதில்லை. அதைக் கழற்றி, ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சுடவைத்து, முனையை மட்டும் முழுக்கி, எத்தனை டிகிரியில் விளக்கு எரிகிறது என்று பார்க்கிறார். வயர்களைச் சேர்த்தும் விசிறி சுழலாவிட்டால் ரிலே, வயர், எர்த் என்று வரிசையாகப் போகிறார். பல வண்டிகளில் குற்றம் எர்த் வயரின் முனையில் பூத்த துருவாக இருக்கும். உப்புத்தாளால் நாலு தேய்ப்பு தேய்த்தால் தீர்ந்துபோகும். அதற்காகப் புது மோட்டார் வாங்கியவர்கள் உண்டு.

இந்த விசாரணைக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். இதில் எனக்குப் பிடித்தது மெக்கானிக்கின் கெட்டிக்காரத்தனம் அல்ல, அவருடைய வரிசை. ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்தி, "நீ இல்லை, நீ போகலாம்" என்று அனுப்பிக்கொண்டே வருகிறார். கடைசியில் மிஞ்சுகிறவனைத்தான் பிடிக்கிறார். குடும்பங்களில் இந்த வரிசையை யாராவது கடைப்பிடித்தால் எத்தனை மருமகள்கள் விடுதலை ஆவார்கள்!

இனி இன்னொரு மெக்கானிக்கைப் பார்ப்போம். இவர் விசாரிப்பதில்லை. சாவியைத் திருப்பினால் மின்சாரம் வருகிற இடத்திலிருந்து ஒரு வயரை இழுத்து விசிறியில் முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றிவிடுகிறார். பட்டறைப் பாஷையில் இதற்கு 'டைரக்ட்' என்று பெயர். சாவி போட்டால் விசிறி சுழலும், எடுத்தால் நிற்கும். சூடாவது, குளிர்வது, சுவிட்சு, ரிலே ஒரு கவலையும் கிடையாது. இந்த வைத்தியத்துக்கு இரண்டு தம்பிகள் உண்டு. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது ஒன்று. பியூஸ் அடிக்கடி போனால் அதைவிடக் கனமான பியூஸையோ ஒரு கம்பியையோ மாட்டிவிடுவது இன்னொன்று. மூன்றுக்கும் தாய் ஒருத்திதான். "ஓடினால் போதாதா?" என்பது அவள் பெயர்.

இந்த மெக்கானிக்கைத் திட்டிவிட்டுக் கட்டுரையை முடிப்பது எளிது. அது நியாயமாகாது. அவர் பக்கத்தில் பலமான வாதம் இருக்கிறது. மலையடிவாரத்தில் இருட்டிவிட்டது, வண்டிக்குள்ளே கைக்குழந்தை அழுகிறது, கடையெல்லாம் மூடியாயிற்று. அந்த நேரத்தில் மூல காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வண்டியைத் தொடமாட்டேன் என்கிறவனைத் தத்துவஞானி என்று யாரும் சொல்லமாட்டார்கள், கல்நெஞ்சன் என்பார்கள். வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு ஒருநாள் ஓட்டம் போனால் அன்றைய அடுப்பு எரியாது. அவனிடம் போய், "சுவிட்சை வெந்நீரில் போட்டுப் பார்க்கலாம், நாளை வா" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? 'ஓடினால் போதும்' என்பது சோம்பேறியின் வாக்கியம் மட்டும் அல்ல; ஏழையின் வாக்கியமும் அதுதான். ஏழையின் வாக்கியங்களைப் பரிகசிப்பதற்கு முன்னால் நாம் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

அப்படியானால் 'டைரக்ட்' கொடுப்பதில் தப்பு எங்கே இருக்கிறது? இயந்திரத்துக்கு உண்டாகும் தீங்கைச் சொல்லலாம். ஓயாமல் சுழன்றால் மோட்டாரின் கார்பன் சீக்கிரம் தேயும். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் தக்க சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும். அதுவரை பெட்ரோல் அதிகம் குடிக்கும். இவை நஷ்டங்கள்தாம், பாவங்கள் அல்ல. என் வண்டி, என் பெட்ரோல் என்று ஒருவர் சொன்னால் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

தப்பு எங்கே இருக்கிறது என்பதை வத்தலக்குண்டில் ஒரு பட்டறைக்காரரிடம் நான் தெரிந்துகொண்டேன். அறுபது வயதிருக்கும். வாடகை வண்டி ஒன்று சாயங்காலம் அவரிடம் வந்து நின்றது. உள்ளே கொடைக்கானலுக்குப் போகிற ஒரு குடும்பம். பெரியவர் வரிசைப்படி சோதித்தார். விசிறி நன்றாக இருந்தது; சுவிட்சுதான் செத்திருந்தது. அந்த வண்டிக்கு ஏற்ற சுவிட்சு அந்த நேரத்தில் அந்த ஊரில் கிடைக்கவில்லை. அவரும் 'டைரக்ட்'தான் கொடுத்தார். நடுவில் ஒரு பியூஸ் வைத்து, வயரை ஒழுங்காகக் கட்டிக் கொடுத்தார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, "ஃபேன் டைரக்ட். சுவிட்ச் மாத்தணும்" என்று எழுதித் தேதி போட்டு, பானெட்டின் உள்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினார்.

டிரைவர் சிரித்துவிட்டான். "எனக்குத்தான் தெரியுமே அண்ணே! எதுக்கு இந்தக் காயிதம்?"

"ஒனக்கு இல்லடா தம்பி. நாளைக்கு வேற எவனாவது இதத் தொறந்து பாப்பான்ல, அவனுக்கு" என்றார் பெரியவர்.

இந்த ஒரு வார்த்தையில் என் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. பழைய வண்டி பல கை மாறும். ஒருவர் 'டைரக்ட்' கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார். ஆறு மாதத்தில் வண்டியை விற்றுவிடுகிறார். வாங்குகிறவர் சேமிப்பைத் திரட்டி, பெண்டாட்டி பிள்ளைகளைக் கோயில் குளத்துக்கு அழைத்துப் போக ஆசைப்பட்டு வாங்குகிற ஒரு சாதாரண உத்தியோகஸ்தர். வாங்குவதற்கு முன்னால் சாவியைத் திருப்பிப் பார்க்கிறார்; விசிறி சுழல்கிறது; திருப்தி. ஒரு நாள் மலைப்பாதையில் அந்த முறுக்கின வயர் ஆட்டத்தில் கழன்றுவிடுகிறது. சுவிட்சு எப்போதோ செத்தது அவருக்குத் தெரியாது. தெர்மோஸ்டாட் இல்லை என்பதும் தெரியாது. முள் ஏறுவதை அவர் கவனிப்பதற்குள் எஞ்சினின் அலுமினியத் தலை வளைந்து, ஹெட் கேஸ்கெட் போய், தண்ணீர் எண்ணெயில் கலந்துவிடுகிறது. அவசரத்துக்கு 'டைரக்ட்' கொடுத்தவர் பாவம் செய்யவில்லை. சொல்லாமல் விட்டவர் செய்தார்.

தற்காலிகப் பரிகாரம் என்பது ஒரு கடன் என்று எனக்குத் தோன்றுகிறது. கடன் வாங்குவது குற்றம் அல்ல. கஷ்டம் வந்தால் வாங்கத்தான் வேண்டும். ஆனால் கடனைக் கடன் என்று எழுதி வைக்க வேண்டும். எழுதாத கடனை வாங்கினவன் மறந்துவிடுவான். அவனுக்குப் பின்னால் வருகிறவன் கட்டுவான். அந்தப் பட்டறைப் பெரியவர் ஒட்டின காகிதம் ஒரு புரோநோட்டு. அதில் தேதி போட்டிருந்ததைக் கவனிக்க வேண்டும். தேதி இல்லாத 'தற்காலிகம்' நம் நாட்டில் சாசுவதமாகிவிடும். தற்காலிகக் கொட்டகையில் நடக்கும் பள்ளிக்கூடங்களைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பாதிப் பதில் என்று சொன்னேன். மீதிப் பாதி பியூஸில் இருக்கிறது. டைரக்ட், தெர்மோஸ்டாட், பியூஸ் என்ற மூன்று வைத்தியங்களில் மூன்றாவதை மட்டும் காகிதம் எழுதி ஒட்டினாலும் மன்னிக்க முடியாது. பியூஸ் என்பது சாவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு சிறு கம்பி. விசிறியின் தண்டு இறுகி மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்தால், வயர் எரிவதற்கு முன்னால் தான் எரிந்து பாதையை அறுத்துவிடும். அது பலவீனமாக இருப்பதுதான் அதன் தர்மம். அடிக்கடி போகிறதே என்று எரிச்சல்பட்டுக் கனமான கம்பியை மாட்டினால் பியூஸ் போகாது. அதற்குப் பதிலாக வயர் எரியும். வயரோடு வண்டி எரியும்.

வீடுகளிலும் இப்படி ஒரு பியூஸ் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் யாரோ ஒருத்தி மற்றவர்களுக்கு முன்னால் முகம் சுளிப்பாள், முதலில் அழுவாள், முதலில் குரலை உயர்த்துவாள். அவளுக்கு 'சண்டைக்காரி' என்று பெயர். வீட்டில் ஏதோ அளவுக்கு மீறிப் போகிறது என்று அவள்தான் முதலில் தெரிவிக்கிறாள் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. அவளை அடக்குகிறார்கள், அல்லது எதையும் தாங்குகிற இன்னொருத்தியை அவள் இடத்தில் வைத்துவிட்டு, "இப்போது வீடு எவ்வளவு அமைதியாக ஓடுகிறது, பார்!" என்று மகிழ்கிறார்கள். சத்தம் நின்றுவிட்டது, உண்மைதான். சூடு எங்கே போயிற்று என்று எவரும் கேட்கவில்லை. கனமான கம்பியை மாட்டின வீடுகள் சத்தமில்லாமல் எரிந்த கதைகளை நானும் எழுதியிருக்கிறேன், நீங்களும் படித்திருக்கிறீர்கள், சிலர் அக்கம்பக்கத்தில் பார்த்தும் இருப்பீர்கள்.

ஆகையால் எல்லாச் சமாளிப்பும் ஒரே ஜாதி அல்ல. குறையைச் சுற்றிக்கொண்டு போகிற சமாளிப்பு ஒன்று. குறையைச் சொல்லுகிற வாயை அடைக்கிற சமாளிப்பு இன்னொன்று. முதலாவதற்குச் சந்தர்ப்பம் உண்டு, மன்னிப்பு உண்டு. இரண்டாவதற்கு இரண்டும் இல்லை. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறதே என்று அதன் வயரைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக ஓட்டுகிறவர்களும் உலகத்தில் உண்டு. அவர்களுடைய நிம்மதி எத்தனை கிலோமீட்டர் நீடிக்கும் என்பதுதான் கேள்வி.

இங்கே புத்திசாலி வாசகர் ஒருவர் குறுக்கிட்டு, "காரணத்தைத் தேடு தேடு என்கிறீரே, அதற்கு முடிவு எங்கே? விசிறி நின்றதற்குச் சுவிட்சு காரணம். சுவிட்சு செத்ததற்குத் தண்ணீரில் இருந்த துரு காரணம். துருவுக்குக் காரணம், கூலண்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீரை ஊற்றியது. அப்படி ஊற்றியதற்குக் காரணம் பணமுடை. பணமுடைக்குக் காரணம் உலகம். உலகத்தைப் பழுது பார்த்துவிட்டா மலை ஏறுவது?" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. காரணங்களுக்கு முடிவு இல்லை என்பது உண்மையே. ஆனால் பட்டறையில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. தத்துவப் புத்தகங்களில் நான் அதை இத்தனை தெளிவாகப் பார்க்கவில்லை. எந்த இடத்தில் கை வைத்தால் அந்தக் குறை திரும்பி வராதோ, அந்த இடம் வரைக்கும் தேடினால் போதும். சுவிட்சை மாற்றிவிட்டுத் துருப்பிடித்த தண்ணீரை அப்படியே விட்டால் புதுச் சுவிட்சும் ஒரு நாள் சாகும். ஆகையால் தண்ணீர் வரைக்கும் போக வேண்டும். பழைய தண்ணீரை வடித்துக் கழுவி, கூலண்டும் சுத்தமான தண்ணீரும் கலந்து ஊற்றிவிட்டால் விசாரணையை மூடிவிடலாம். உலகத்தின் பணமுடை வேறு இலாகா. வள்ளுவர் மருந்தைப் பற்றிப் பேசும்போது நோயின் முதலைத் தேடச் சொல்லியிருக்கிறார் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். தேடச் சொன்னவர், தேடிக்கொண்டே இருக்கச் சொல்லவில்லை. தணிக்கும் வழியையும் பார்த்து, தவறாமல் செய்யச் சொன்னார். மனப்பாடம் செய்த நாம் பரீட்சை முடிந்ததும் இரண்டையும் விட்டுவிட்டோம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். காரணம் தெரிந்து 'டைரக்ட்' கொடுப்பதும், தெரியாமல் கொடுப்பதும் பார்வைக்கு ஒன்றுதான். ஒரே வயர், ஒரே டேப், ஒரே சுழற்சி. ஆனால் தெர்மோஸ்டாட் இறுகின வண்டிக்குத் தெரியாமல் 'டைரக்ட்' கொடுத்தால், விசிறி நாள் முழுவதும் குளிர்ந்த ரேடியேட்டருக்கு விசிறிக்கொண்டிருக்கும். எஞ்சின் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருக்கும். வண்டிக்காரர் சுழலும் விசிறியைப் பார்த்து, "இதில் ஒரு குறையும் இல்லையே!" என்று முன்னைவிட அதிகமாகக் குழம்புவார். விசாரணை இல்லாத பரிகாரம் நோயைத் தீர்க்காததோடு நிற்பதில்லை. அடுத்த வைத்தியர் பார்க்க வேண்டிய அடையாளத்தையும் அழித்துவிட்டுப் போகிறது. வத்தலக்குண்டுப் பெரியவருக்குக் காரணம் தெரிந்திருந்தது. தெரிந்ததனால்தான் அவரால் காகிதத்தில் எழுத முடிந்தது. தெரியாதவர் எதை எழுதுவார்?

இப்போது கேள்விக்கு வரலாம். ஓடினால் போதாதா? சில சமயம் போதும். இன்று இரவு பிள்ளைகளோடு ஊர் போய்ச் சேர வேண்டியவனுக்குப் போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை எல்லாருக்கும் எப்போதும் கிடையாது. தனக்கு வரும் ஆபத்தைத் தெரிந்துகொண்டு, அந்த ஆபத்தில் தானே உட்கார்ந்திருக்கிறவன் சொல்லலாம். பின் ஆசனத்தில் தூங்கிக்கொண்டிருப்பவர்களுக்காகவும், நாளைக்கு அந்த வண்டியை வாங்கப்போகிற முகம் தெரியாதவனுக்காகவும் அவன் சொல்ல முடியாது. அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "இப்படி இருக்கிறது, போகலாமா?" என்று கேட்க வேண்டும். அவர்களும் தெரிந்துகொண்டு, "சரி, இன்றைக்கு இது போதும்" என்று சொன்னால், அப்போது அது போதும்.